ஏலம் போகும் சடுகுடு வீரர்கள்

சாத்தான்குளம் வட்டாரத்தில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு உண்டு. பல ஊர்களில் சடுகுடுப் பந்தயமும் உண்டு. பனைகள் சூழ்ந்த செம்மண் களத்தில் விளக்குகளைக் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடுவார்கள். ஜயித்த கோஷ்டிக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒலிபெருக்கியில் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். ஊரார் முன்னிலையில் பணத்தைக் கொடுப்பார்கள். ஆடியவர்கள் அங்கேயே உட்கார்ந்து பங்கிட்டுக் கொள்வார்கள். பங்கில் சண்டையே வராது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் கணக்கு எல்லாருக்கும் தெரியும்.

இதே தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்துக் கணேசன், 1994-ஆம் வருஷம் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்ற இந்தியக் கோஷ்டியில் ஆடியவர். அக்காலத்தில் சடுகுடு வீரனுக்குச் சம்பாவனை என்பது பெரும்பாலும் ஓர் உத்தியோகந்தான். ரயில்வேயிலோ மின்சார வாரியத்திலோ போலீஸிலோ இடம் கிடைத்தால் குடும்பம் கரையேறும். அதற்குத் திறமையோடு சிபாரிசும் வேண்டியிருந்தது என்பது ஊரறிந்த சங்கதி.

2014-இல் எட்டுக் கோஷ்டிகளுடன் புரோ கபடி லீக் ஆரம்பமாயிற்று. 2017-இல் கோஷ்டிகள் பன்னிரண்டாயின. நம் தமிழ் தலைவாஸும் அப்போதுதான் பிறந்தது. ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கிறார்கள். மனிதனை ஏலம் போடுவதா என்று முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. நமக்கு அவ்வளவு கோபம் இல்லை. விலை பகிரங்கமாகத் தெரிகிறது. சிபாரிசுக் கடிதத்தை விட அது மேலல்லவா?

முதல் ஏலத்தில் மிக அதிக விலை போனவர் ராகேஷ் குமார். 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 2022-இல் தமிழ் தலைவாஸ் பவன் செஹ்ராவத்தை 2 கோடியே 26½ லட்சத்துக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டு, அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாமற் போயிற்று. ஆயினும் மறு வருஷம் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2 கோடியே 60½ லட்சத்துக்கு எடுத்தது. அந்த வருஷத்தில் ஒரு கோஷ்டி செலவிடக்கூடிய மொத்தத் தொகை 5 கோடி. ஒருவருக்குப் பாதிக்கு மேல் போய்விட்டால், மீதியில் மற்ற எல்லாரையும் எடுத்தாக வேண்டும். கடைசி வரிசை ஆட்டக்காரனின் ஆரம்ப விலை 9 லட்சம். அவனுக்கு முழங்கால் போனால் மறு வருஷம் யார் கைதூக்குவார்கள்? வைத்தியச் செலவு யாருடையது? இதற்கெல்லாம் விடை ஏல மண்டபத்தில் கிடைக்காது. கையெழுத்திடும் காகிதத்தில் இருக்க வேண்டும்.

ஏலத்துக்கு முன்னால் ஒரு வாசலும் இருக்கிறது. புதிய இளைஞர்களைப் பெரும்பாலும் பரீட்சை வைத்துப் பொறுக்கி, நிர்ணயித்த சம்பளத்துக்கு எடுக்கிறார்கள். போட்டி விலை அவர்களுக்கு இல்லை. தேசியக் கோஷ்டியின் தேர்விலேயே நியாயம் இல்லை என்று 2018-இல் முன்னாள் ஆட்டக்காரர்கள் டில்லி ஹைக்கோர்ட்டுக்குப் போனார்கள். ஆசியப் போட்டிக்குச் சென்று வந்த கோஷ்டியும், விடுபட்டவர்களும் செப்டம்பர் 15-ஆம் தேதி ஓய்வு பெற்ற நீதிபதி எஸ். பி. கார்க் முன்னிலையில் மோதிப் பார்க்கட்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது. விடுபட்டவர்கள் வந்தார்கள். தேசியக் கோஷ்டி வரவில்லை!

காகிதத்தின் வலிமையை அறியக் கிரிக்கெட்டைப் பார்க்கலாம். ரவீந்திர ஜடேஜா 2008-இல் ஏலமின்றி, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் வரிசையில் ராஜஸ்தான் கோஷ்டிக்கு எடுக்கப்பட்டவர். பின்னர் வேறொரு கோஷ்டியோடு நேரே பேரம் பேச முயன்றார் என்று 2010 ஐ.பி.எல். பருவம் முழுவதும் அவருக்குத் தடை விதித்தார்கள். மற்ற எந்தத் தொழிலாளியும் செய்யக்கூடிய காரியம் அது. 2012 ஏலத்தில் சென்னையும் ஹைதராபாதும் அவருக்காக 20 லட்சம் டாலரில் முட்டி நின்றன. இரகசியச் சீட்டில் அதிகம் எழுதிய சென்னை வென்றது. அந்த அதிகப் பணம் ஜடேஜாவுக்கு அல்ல, வாரியத்துக்குப் போயிற்று.

இங்கிலாந்தில் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற கால்பந்து வீரர், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆளைப் பிடித்து வைத்திருக்கும் வழக்கத்தை எதிர்த்து 1963-இல் வழக்கில் வென்றார். அவர் பின்னால் ஆட்டக்காரர் சங்கம் நின்றது. நம் நாட்டில் 2019-இல் ஏற்பட்ட கிரிக்கெட் வீரர் சங்கமோ ஓய்வு பெற்றவர்களுக்கானது.

செம்மண் களத்திலிருந்து போகும் பையனுக்குப் பத்தொன்பது, இருபது வயது இருக்கும். தகப்பனார் பனையேறியாகவோ வாழை விவசாயியாகவோ இருப்பார். ஒப்பந்தமோ இங்கிலீஷில். கையெழுத்து நாளுக்குப் பத்து நாள் முன்னதாகத் தமிழ்ப் பிரதி ஒன்று வீட்டுக்கு வரட்டும். ஊரில் ஒரு வக்கீலிடம் காட்ட அவகாசம் இருக்கட்டும். கோடிகளைக் கொட்டும் முதலாளிகளுக்கு ஒரு தபால் செலவு பாரமாகாது.