கிளாவரையோடு ரோடு முடிகிறது!
மூணாறு பக்கத்து மலைதான். ஆனால் காரில் போக வழி இல்லை

“கொடைக்கானலைப் பார்த்தாச்சு!” என்கிறீர்களா? ஏரியையும் தூண் பாறையையும் பார்த்ததோடு திரும்பியிருப்பீர்கள். மேல்மலைக்குப் போனீர்களா?

கொடைக்கானலில் இருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று ரோடு வளைந்து வளைந்து போகிறது. 40 கிலோமீட்டருக்கு மேல் போனால் கிளாவரை. திண்டுக்கல் மாவட்டத்தின் கடைக்கோடி ஊர். அதற்கு அப்பால் பஸ் கிடையாது. ரோடே கிடையாது!

வழியில் என்ன?

பூம்பாறையில் படிப்படியாக வெட்டிய வயல்கள். நடுவே குழந்தை வேலப்பர் கோவில். இங்குள்ள முருகன் சிலை போகர் செய்தது என்பது பக்தர்களின் நம்பிக்கை.

மன்னவனூரில் ஏரி, புல்வெளி. 1965-ம் ஆண்டு முதல் இயங்கும் மத்திய அரசின் ஆட்டுப் பண்ணையும் இங்கேதான். கம்பளிக்கான செம்மறி ஆடுகளை வளர்த்து ஆராய்ச்சி செய்கிறார்கள்.

பூண்டு மணம்

மேல்மலை மக்களுக்கு உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும்தான் பிழைப்பு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விளைந்த பூண்டு மலையை விட்டு இறங்கி, பெரியகுளம் பக்கத்தில் உள்ள வடுகபட்டி மார்க்கெட்டுக்குப் போக வேண்டும்.

கிளாவரைக்கு மேற்கே கேரள எல்லை. அந்தப் பக்கம் வட்டவடை, கோவிலூர், கொட்டாக்கம்பூர். அங்கேயும் தமிழ் பேசும் விவசாயிகள்தான். அங்கேயும் பூண்டுதான்! காந்தளூர்–வட்டவடை பூண்டுக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

“அப்புறம் என்ன, ரோடு போட வேண்டியதுதானே?” என்று கேட்பீர்கள்.

மூடிய பாதை

பழைய ரோடு ஒன்று இருந்தது. பேரிஜம், வந்தரவு, டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்குச் சுமார் 80 கிலோமீட்டர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் சென்னை மீது பாய்ந்தால், வெள்ளைக்காரர்கள் கொச்சிக்குத் தப்பி ஓடத் தயாராக வைத்திருந்த வழி அது. பெயரே ‘எஸ்கேப் ரோடு’! 1990-ம் ஆண்டு அது மூடப்பட்டது.

இப்போது காரில் மூணாறு போக, வத்தலக்குண்டு இறங்கி, தேனி, போடி வழியாக மறுபடி மலை ஏற வேண்டும். 150 கிலோமீட்டருக்கு மேல்!

கிளாவரை வழியாகப் புது ரோடு வேண்டும் என்பது மேல்மலை மக்களின் நீண்ட நாள் கோரிக்கை. ஆனால் சுற்றிலும் காடு. கேரளம் 2003-ல் பாம்பாடும் சோலையைத் தேசிய பூங்காவாக்கியது. 2006-ல் குறிஞ்சிமலை சரணாலயம் வந்தது. தமிழ்நாடு 2013-ல் கொடைக்கானல் காட்டைச் சரணாலயமாக அறிவித்தது. ரோடு வந்தால் விவசாயிக்கு வழி திறக்கும். கார்களும் சாரை சாரையாக வரும். அப்புறம் காட்டெருமைக்கும் சோலைக்கும் கதி என்ன?

பதில் சுலபம் இல்லை.

போகிறவர்களுக்கு...

ஐகோர்ட்டு உத்தரவால் 2024 மே 7-ந் தேதி முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்தது. வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் எல்லைக் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டவே வேண்டாம்.

திரும்பும்போது மலைப்பூண்டு ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். ரோடு முடிகிற ஊர்க்காரர்களுக்கு அதுவும் ஒரு வழி!