செம்பூர் தாதாவின் தேசபக்தி

செம்பூர் சஹகார் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்ற ராஜேந்திர நிகால்ஜேதான் பின்னாளில் சோட்டா ராஜன். அவரது முதல் விசுவாசம் படா ராஜனிடம். 1983இல் அந்த குரு நீதிமன்றத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, சீடர் தாவூத் இப்ராகிமின் வலது கரமாக உயர்ந்தார். துபாய்க்கும் போனார்.

257 உயிர்களைப் பறித்த 1993 மார்ச் 12 மும்பை குண்டுவெடிப்புகள்தான் தன்னைத் தாவூதிடமிருந்து பிரித்தன என்பது ராஜனின் வாதம். தேசத்துரோகியோடு சேர்ந்திருக்க முடியாதாம். 'இந்து தாதா' என்ற பட்டமும் வந்து ஒட்டிக்கொண்டது. கும்பலுக்குள் சோட்டா ஷகீலுடன் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த அதிகாரப் போட்டியைப் பற்றி மட்டும் ராஜனின் அபிமானிகள் வாய் திறப்பதில்லை. தேசபக்தி அதைவிட வசதியான காரணம்.

குண்டுவெடிப்பு வழக்கில் குற்றம்சாட்டப்பட்டு ஜாமீனில் வந்த சிலர் 1998-99இல் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ராஜன் தரப்பு இதைத் தேசத்தொண்டாகக் காட்டிக்கொண்டது. தடா நீதிமன்றம் தீர்ப்பு சொல்லத் தொடங்கியதோ 2006இல்தான். இறந்தவர்களில் யார் குற்றவாளி, யார் நிரபராதி என்ற கேள்விக்கு இனி பதில் கிடையாது.

ஆனால் ஜே. டே விஷயத்தில் இந்தச் சமாதானமும் எடுபடாது. 2011 ஜூன் 11 அன்று பவாயில் பைக்கில் போய்க்கொண்டிருந்த அந்தப் பத்திரிகை நிருபரைக் கூலிப்படை சுட்டுக்கொன்றது. அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் என்ன சம்பந்தம்? தாதாவுக்குப் பிடிக்காததை எழுதினார், அவ்வளவுதான். 2015இல் பாலியில் பிடிபட்ட ராஜனுக்கு இந்த வழக்கில் 2018இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

செம்பூர் திலக் நகரின் கணேச உற்சவத்தைச் 'சோட்டா ராஜன் கணபதி' என்று அழைக்கும் வழக்கம் அதற்குப் பிறகும் மறையவில்லை.