பற்றரி கேட்கும் அம்பியர்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையக் கோளாறால் இலங்கை முழுவதும் கரண்ட் போனது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன. கற்பிட்டிப் பக்கம் நல்ல வெயில். கூரையில் சோலர் தகடு இருந்தும் பல வீடுகளில் காற்றாடி சுற்றவில்லை. பற்றரி இல்லாத சோலர், மெயின் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. அதன் பிறகுதான் பற்றரி பூட்ட என்னைக் கூப்பிடுகிறவர்கள் கூடினார்கள்.

இப்போது வரும் லிதியம் பற்றரிக்குள் பெரும்பாலும் 16 செல்கள் தொடராக இருக்கும், ஒன்று 3.2 வோல்ற், மொத்தம் 51.2. கூடவே பிஎம்எஸ் என்ற பலகை. அதுவே கரண்டைக் கூட்டிக் குறைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வீட்டுப் பற்றரிகள் பெரும்பாலானவற்றில் அப்படியில்லை. அது ஒவ்வொரு செல்லின் வோல்ற்றையும் சூட்டையும், பாயும் அம்பியரையும் அளந்து, "50 வரை தா", "இனி 10 போதும்" என்று இன்வேர்ட்டருக்குச் செய்தி அனுப்பும். குறைப்பது இன்வேர்ட்டர்தான்.

தொடர் என்பதால் எல்லாச் செல்லிலும் ஒரே கரண்ட். ஒரு செல் முந்திப்போய், நிரம்பும் எல்லையான 3.65 வோல்ற்றைத் தொட்டால், மற்றவை நிரம்பாவிட்டாலும் அந்த ஒன்றுக்காகக் குறைத்தே ஆகவேண்டும். முந்திய செல்லின் மிகையை பிஎம்எஸ் ஒரு சிறு தடையில் வெப்பமாக்கி வெளியேற்றும். பல பலகைகளில் அந்த வடிகால் ஓர் அம்பியரில் பத்தில் ஒரு பங்குதான். 50 அம்பியர் பாய்ந்துகொண்டிருந்தால் அதனால் என்ன செய்ய முடியும்?

அந்தச் செய்தி போவது ஒரு மெல்லிய கேபிளில். நான் பார்க்கப்போன வீடுகள் பலவற்றில் அது மாட்டப்படவே இல்லை. சில வீடுகளில் களப்பு உப்புக்காற்றில் முனை பச்சை பிடித்திருந்தது. செய்தி வராத இன்வேர்ட்டர் மொத்த வோல்ற்றை மட்டும் பார்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். பிஎம்எஸ்ஸுக்கு மிஞ்சுவது சுவிட்சைத் திறந்து ஒரேயடியாக வெட்டுவது. "தம்பி, நிறையிறதுக்கு முன்னாலயே நிண்டு போகுது" என்பார்கள். பற்றரியில் பிழையில்லை.

தகரக் கூரைக்குக் கீழே வைத்தாலும் கரண்ட் குறையும். சூடு 45 பாகையைத் தாண்டினால் பல பற்றரிகள் குறைத்தே கேட்கும். அது பழுதல்ல, நிழலுக்கு மாற்றுங்கள்.

பூட்டியவர் புறப்படுமுன், பற்றரி கேட்கும் அம்பியர் இன்வேர்ட்டர் திரையில் எங்கே தெரிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பெரும்பாலும் கேபிள் மாட்டவில்லை, அல்லது பற்றரி வகையைத் தவறாகத் தெரிவு செய்திருக்கிறார். அதைச் சரிசெய்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.