மோதிரத்தைப் பெரிசாக்கக் கொடுக்கும்போது எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?

புது மோதிரம் வாங்கினால் பில்லில் எடை, தரம், கல் எடை, செய்கூலி, சேதாரம் எல்லாம் இருக்கும். பத்து வருடம் கழித்து அதே மோதிரம் விரலில் இறுகிப்போய், பெரிசாக்கக் கொடுத்தால்? பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டுதான். "மோதிரம் 1, சைஸ் பெரிசு, வியாழன்." அவ்வளவுதான். இந்த ரிப்பேர் கணக்கைப் பற்றி நான் எடுத்த குறிப்புகளின் சுருக்கம் இது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மோதிரத்தின் உள்விட்டத்தை 1 மி.மீ. கூட்ட வேண்டுமென்றால், சுற்றளவு 3.14 மி.மீ. கூட வேண்டும். வளையத்தை வெட்டி, அந்த நீளத்துக்கு ஒரு துண்டு வைத்துப் பற்றவைக்கிறார்கள். வளையம் 2 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 காரட் தங்கத்தில் அந்தத் துண்டு ஏறக்குறைய 170 மில்லிகிராம் வரும்.

இப்போது 4.120 கிராம் மோதிரத்தைக் கொடுக்கிறீர்கள். 170 மில்லிகிராம் சேர்த்தால் 4.290 வர வேண்டும். திரும்பி வருவதோ 4.260. மீதி 30 மில்லிகிராம் எங்கே? பற்றவைத்த இடத்தை அரத்தால் ராவி, மெருகு போடும்போது தூளாகப் போனது. இது திருட்டு இல்லை, வேலையின் இயல்பு. ஆனால் உள்ளே வந்த எடை, சேர்த்த எடை, வெளியே போன எடை மூன்றையும் எழுதாவிட்டால், இதை யாராலும் நிரூபிக்க முடியாது. சிறிசாக்கினாலும் அதே கதைதான். வெட்டி எடுத்த துண்டின் எடையை எழுதி, துண்டைத் திருப்பிக் கொடுக்கவோ கூலியில் கழிக்கவோ வேண்டும்.

எடை மட்டும் போதாது. என் பட்டியலில் இன்னும் நான்கு இருக்கின்றன.

1. செய்த முறை. கல் இல்லாத மோதிரத்தைத் துண்டு வைக்காமல் இழுத்தும் கொஞ்சம் பெரிசாக்கலாம். எடை மாறாது, ஆனால் வளையம் மெலியும். அடுத்த முறை வேலை செய்பவருக்கு இது தெரிந்தாக வேண்டும்.

2. பற்றவைப்புப் பொடி. 'கே.டி.எம்.' என்று சொல்வது காட்மியம் கலந்த பொடியை. அதன் புகை ஊதுபவரின் நுரையீரலுக்குக் கேடு. எந்தப் பொடி என்று எழுதச் சொல்வது நம் நகைக்கு மட்டுமில்லை, அவர் உடம்புக்கும் நல்லது.

3. கற்கள். எத்தனை, எதில் ஏற்கெனவே கீறல் இருந்தது, சூடாக்கும் முன் கழற்றினார்களா என்பது. முத்தும் மரகதமும் சூட்டைத் தாங்காது.

4. ஹால்மார்க் குறி. 2023 ஏப்ரல் 1 முதல் விற்கும் ஹால்மார்க் நகைகளில், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறி கட்டாயம். மோதிரத்தில் அது வளையத்தின் உட்பக்கம் இருக்கும். வெட்டுகிற இடத்தில் அது மாட்டினால் அழிந்துவிடும். அதனால் வேலைக்கு முன்னும் பின்னும் போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பார் என்று பொற்கொல்லரைப் பற்றி ஒரு பழமொழி இருக்கிறது. மா என்றால் இருபதில் ஒரு பங்கு. தலைமுறை தலைமுறையாக ஒரு தொழிலையே சந்தேகத்தில் நிறுத்திய சொல் இது. வாடிக்கையாளருக்குப் புரிகிற மாதிரி கணக்கு எழுதப்படாததும் இந்தச் சந்தேகம் நிலைத்ததற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 30 மில்லிகிராம் வாடிக்கையாளருக்குச் சின்னத் தொகைதான். ஆனால் அதற்காக ஒருமுறை பேர் கெட்டால், பட்டறைக்காரருக்கு அந்தத் தெருவிலேயே வேலை வராது. அதனால் இந்தச் சீட்டு நம்மைவிட அவருக்குத்தான் அதிகம் தேவை.

அடுத்த முறை மோதிரம் கொடுக்கும்போது, கண் முன்னால் எடை போட்டு, மில்லிகிராம் வரை எழுதச் சொல்லுங்கள். சந்தேகப்படுகிறோம் என்று அவர் நினைப்பாரோ என்ற தயக்கம் வேண்டாம். நல்ல வேலைக்காரர் தராசை உங்கள் பக்கம் திருப்பியே வைப்பார்.