கைச் சுக்கானும் விசைச் சுக்கானும்

பாலாவிச் சந்தியிலே மாலை வேளையிற் சிறிது நேரம் நின்று பார்த்தால், புத்தளக் கரையின் வாழ்வு முழுவதும் லொறிகளின் மேல் ஏறிச் செல்வதைக் காணலாம். உப்பளங்களின் உப்பு மூடைகள், கற்பிட்டித் தோட்டங்களின் வெங்காயமும் மிளகாயும், கடற்கரை வாடிகளின் மீன், முந்தல் சிலாபம் பக்கத்துத் தேங்காய் எல்லாம் அவற்றில் ஏறிப் போகின்றன. அந்த லொறிகளுட் சில, அவற்றை ஓட்டுகின்ற சாரதிகளைவிட வயது முதிர்ந்தவை. 2020 மார்ச்சு முதல் ஏறக்குறைய ஐந்தாண்டு காலம் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால், கழித்துவிட வேண்டிய வண்டிகளையும் பலர் பழுதுபார்த்து ஓட்டலாயினர்.

என்னிடம் கலைப்பிரிவிற் படித்த மாணவர் ஒருவர், தந்தையார் விட்டுச் சென்ற பெட்போர்ட் லொறியில் உப்பு ஏற்றிப் பிழைக்கிறார். 1958ஆம் ஆண்டில் அறிமுகமான ‘ஜே’ வகையைச் சேர்ந்த வண்டி அது. அதன் சுக்கானைத் திருப்பித் திருப்பி அவருடைய வலத் தோள் நைந்துவிட்டது. இவ்வாறே இன்னும் ஓட்டினால் கையை உயர்த்தவும் இயலாது போகும் என்று வைத்தியர் எச்சரித்தார். வண்டியை விற்பதா, அல்லது அதற்குப் பவர் ஸ்டியரிங் பொருத்துவதா என்ற கேள்வி எழுந்தது.

“சேர், வீட்டு முற்றத்திலேயே செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். இந்த ஆங்கிலப் புத்தகத்தை மட்டும் வாசித்துச் சொல்லுங்கள்” என்று ஒரு பழைய கைநூலுடன் வந்தார். இலக்கியமும் வரலாறும் படித்த நான் எண்ணெய்க் கறை படிந்த நூலொன்றை விளக்கவேண்டியவனானேன். அவ்விதம் நான் கற்றுக்கொண்டதையே இங்கே கூறுகின்றேன்.

சுக்கான் என்பது அரபு மொழியிலிருந்து வந்த கப்பற் சொல். கடற்கரை மக்களாகிய நாம் அதனை லொறிக்கும் கொடுத்துவிட்டோம். சாரதி சுழற்றும் சக்கரத்திலிருந்து ஒரு தண்டு கீழே இறங்கி, சுக்கான் பெட்டியினுட் புகுகின்றது. பெட்டியினுள் இருக்கும் திருகுமரை சக்கரத்தின் பல சுற்றுக்களை ஒரு சிறு அசைவாகக் குறைத்து, அக்குறைவுக்கு ஈடாகப் பலத்தைப் பெருக்குகின்றது. அந்த அசைவைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவருவது, கராஜில் ‘டிராப் ஆர்ம்’ என வழங்கும் இரும்புக் கை. அதிலிருந்து கோல்கள் வழியாக விசை சில்லுகளைச் சென்றடைகின்றது.

இதற்கு யந்திரத்தின் உதவியைத் தேடியவர் அமெரிக்கரான பிரான்சிஸ் டேவிஸ். பியர்ஸ் ஆரோ நிறுவனத்தின் லொறிப் பிரிவிலே எந்திரியாக இருந்தவராதலின் கனரக வண்டியைத் திருப்பும் துன்பத்தை நேரில் அறிந்தவர். 1926இல் அவர் தமது எண்ணெய் விசைச் சுக்கானை ஓட்டிக் காட்டினார். ஆயினும் அது 1951இல், கிறைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில்தான் பொதுமக்களின் விற்பனைக்கு வந்தது. லொறிக்காரரின் துன்பத்திற் பிறந்த கருவி செல்வர்களின் காருக்கு முதலிற் போய்ச் சேர்ந்ததை என் மாணவர் கேட்டுச் சிரித்தார்.

அதன் இயக்கம் கடினமானதன்று. கற்பிட்டித் தோட்டத்தில் நீரிறைக்கும்போது குழாயின் வாயை விரலால் அடைத்துப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் தாராளமாக ஓடும்போது அழுத்தம் இல்லை. வழியை ஒடுக்கியவுடன் அழுத்தம் ஏறுகின்றது. எஞ்சின் பெல்டினாற் சுழலும் பம்ப் ஒன்று எண்ணெயை இடைவிடாது சுற்றவிடுகின்றது. வண்டி நேரே செல்லும்போது எண்ணெய் தடையின்றித் திரும்பி வருகின்றது. சாரதி சக்கரத்தைத் திருப்பியதும் பெட்டியின் வாயிலுள்ள மெல்லிய உருக்குக் கம்பி ஒன்று சிறிது முறுகி, வால்வை அசைக்கின்றது. ஒருபக்க வழி ஒடுங்குகின்றது. ஏறிய அழுத்தம் பிஸ்டனைத் தள்ளிக் கைக்குத் துணைசெய்கின்றது.

அந்தத் துணையின் அளவைக் கணக்கிட்டபோதுதான் எனக்குச் சிறிது அச்சம் உண்டாயிற்று. மூன்று அங்குல விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 7 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 1000 இறாத்தல் அழுத்தமெனில், தள்ளும் விசை 7000 இறாத்தல். அதாவது மூன்று தொன்னுக்கும் மேல். முன்பு அந்தப் பழைய இரும்பு தாங்கவேண்டியிருந்த பளுவுக்குச் சாரதியின் தோளே ஓர் எல்லையாக நின்றது. சில்லு கல்லில் மாட்டினால் மனிதன் களைத்துக் கையை விட்டுவிடுவான். பம்ப் களைப்பதில்லை. தோளிலிருந்து இறங்கிய சுமை சேசியிலும் கோல்களிலும் மூட்டுக்களிலும் ஏறுகின்றது. உப்பு ஏற்றிய லொறியின் சேசியோ உள்ளூரத் துருப்பிடித்த ஒன்று.

ஆகவே பெட்டி தேடுமுன் பழைய பாகங்களைப் பார்க்கவேண்டியதாயிற்று. முன் சில்லுகளை ஜக்கினால் உயர்த்தி, கோல்களைக் கழற்றி, ஒவ்வொரு சில்லையும் கையால் திருப்பிப் பார்த்தோம். இடப்புறக் கிங் பின்னில் கிறீஸ் வற்றி இரும்பு இரும்போடு உரைந்துகொண்டிருந்தது. புதிய புஷ் இட்டு, டயர்க் காற்றையும் சரிசெய்தபின் பாரம் கணிசமாகக் குறைந்தது. வெறும் வண்டியாயின் அதுவே போதும் என்பது என் கருத்து. ஆனால் மூடைகள் ஏறியவுடன் பழைய கதைதான்.

பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் ஜப்பானிய லொறியின் பெட்டியும் பம்பும் கிடைத்தன. சிக்கல் அதன்பின்தான் தொடங்கிற்று. கழற்றிய பெட்டியின் கை முன்னோக்கி அசையும்போது வாங்கிய பெட்டியின் கை பின்னோக்கி அசையுமாயின், வலப்புறம் திருப்ப லொறி இடப்புறம் போகும். நல்லவேளையாக அது ஒத்திருந்தது. அடுத்து, புதிய கையின் நுனி பழைய கையின் நுனி நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். மாறி நின்றால், வில் ஏறி இறங்கும்போதெல்லாம் கோல் சில்லைத் தானாகவே திருப்பிவிடும்; மேடுபள்ளமான பாதையிலே வண்டி அலையும்.

பழைய கையின் பற்களோ புதிய பெட்டியின் தண்டுக்குப் பொருந்தவில்லை. “இரண்டு கையையும் வெட்டி ஒட்டிவிடுவோமே, காக்கா” என்றார் மாணவர். எங்களுக்கு உதவிசெய்த முதிய மெக்கானிக் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தார். “தம்பி, அது கழன்றால் பிரேக் பிடிக்கிற வரைக்கும் லொறி ஆருடைய சொல்லையும் கேளாது. பள்ளிக்கூடம் விடுகிற நேரமாய் இருந்தால் என்ன செய்வாய்? ஒட்டுவதென்றால் நான் இல்லை.” உலையில் அடித்து உருவாக்கிய அத்தகைய கையை வெட்டவோ, காய்ச்சி வளைக்கவோ, ஒட்டவோ கூடாது என்றே கைநூலும் கூறிற்று. பொருத்தமான பற்களும் நீளமும் உள்ள கை கிடைக்கும்வரை வண்டி ஐந்து வாரம் முற்றத்தில் நின்றது. அந்த ஐந்து வாரமும் வீட்டிலே வருமானம் இல்லை. மாணவரின் மனைவி என்னைக் கண்டபோதெல்லாம் ஒன்றும் சொல்லாமற் போனார்.

மற்றவை விரைவில் முடிந்தன. அழுத்தக் குழாய் அதற்கென்றே செய்ததாயிருத்தல் வேண்டும். சாதாரணக் குழாய் வெடித்துச் சூடான புகைக்குழாயில் எண்ணெய் தெறித்தால் தீப்பற்றும். பிரேக் எண்ணெயை ஒருபோதும் இதில் ஊற்றலாகாது. உள்ளிருக்கும் ரப்பர் ஊதிக் கெடும். எஞ்சினை இயக்காமலே, உயர்த்திய சில்லுகளை இருபுறமும் பலமுறை முழுவதும் திருப்பி, எண்ணெய் குறையக் குறைய ஊற்றிக் காற்றை வெளியேற்றினோம். பின்னர் இயக்கியபோது பம்ப் முனகிற்று. நுரை அடங்கியதும் முனகலும் அடங்கிற்று. கடைசிவரை திருப்பிய சுக்கானைச் சில விநாடிக்கு மேல் அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் கொதிக்கும் என்பதையும் சாரதி அறிதல் வேண்டும்.

இன்னொன்றையும் அவரைப் பழகச் செய்தோம். வெற்றுத் திடலில் மெல்ல உருளும் வண்டியை எஞ்சின் இன்றித் திருப்பச் செய்தோம். பம்ப் நின்றாலும் தண்டுக்கும் சில்லுக்கும் உள்ள தொடர்பு அறாது. ஆனால் சுக்கான் முன்னிலும் பாரமாகும். புதிய பெட்டியிற் சுற்றுக்கள் குறைவு என்பதே காரணம். இதனை முதன்முறையாக நெடுஞ்சாலையில் அறிய நேர்வது ஆபத்து. அதன் பின்னரே மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் வண்டியைக் கொண்டுசென்று காட்டினார்.

ஆறு மாதம் கழித்துப் பெட்டியைப் பூட்டிய இடத்தை விளக்குப் பிடித்துப் பார்த்தபோது, சேசியில் ஓர் ஆணித் துளையின் ஓரத்திலே தலைமயிர் போன்ற வெடிப்பொன்று தெரிந்தது. பெட்டியைக் கழற்றி, துரு நீக்கி, வெடிப்பு மேலும் ஓடாதபடி அதன் நுனியிலே துளையிட்டு, சுமை பல ஆணிகளுக்குப் பகிர்ந்து செல்லுமாறு நீண்ட உருக்குத் தகடொன்றை உட்புறம் வைத்துப் பூட்டினார்கள். தோள் இப்போது தேறிவருகின்றது. உப்பு இறக்கிய அன்றே நன்னீரால் அடிப்பாகத்தைக் கழுவி, அந்தத் தகட்டின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த பிறகே அவர் வீட்டுக்குட் செல்கின்றார்.