வேளாங்கண்ணி நடைப்பயணத்தில் கால்களுக்கு ஒரு நாள்

ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடி ஏறும். அதற்குள் போய்ச் சேர, காவி உடுத்திச் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடப்பவர்கள் 300 கிலோமீட்டருக்கு மேல் கடக்கிறார்கள். அங்குள்ள மீனவக் குப்பமான நொச்சிக்குப்பத்திலிருந்து புறப்படும் ஒருவர் நாளுக்கு 30 கிலோமீட்டர் நடந்தால் பத்துப் பதினொரு நாள் ஆகும். அந்தக் கணக்கில் இன்னும் ஒரு நாளைச் சேர்க்க வேண்டும் என்கிறேன். பாதி வழியான புதுச்சேரியில் கால்களை ஆறவிடும் நாள் அது.

வலிக்குப் பின்னால் நடப்பது

பழக்கமில்லாத நடையால் வரும் தசைவலி உடனே உச்சத்துக்குப் போவதில்லை. ஒன்று முதல் மூன்று நாளில்தான் கூடும், பிறகு தானே தணியும். தசைவலி அடங்கியதும் உடம்பு பழகிவிட்டது என்று வேகம் கூட்டுகிறார்களே, அங்கேதான் ஆபத்து. தொடர்ந்து அடிபடும் எலும்பு, முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுப் பிறகே புதிதாகக் கட்டிக்கொள்கிறது. கரைவது சில வாரம், நிரம்புவது சில மாதம். இடையில் விடாமல் சுமை ஏறினால் பாதத்து எலும்பில் மயிரிழை விரிசல் விழலாம். நெடுநடை நடந்த படைவீரர்களின் வீங்கிய பாதங்களைப் பற்றி பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைத்ஹாப்ட் 1855இலேயே எழுதினார். ஒரு நாள் ஓய்வு எலும்பை வளர்த்துவிடாது, உண்மைதான். ஆனால் களைத்த தசை அதிர்வை வாங்காமல் எலும்பின் மேல் தள்ளுகிறது. ஆறிய தசை அதைத் தானே தாங்கும்.

“கடலில் உழைத்த உடம்பு தாங்காதா?”

தாங்கும், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. வலை இழுத்துப் படகு தள்ளிய உடம்பில் தோளும் முதுகும் உரமேறியிருக்கும். மணலில் பழகிய பாதத்துக்கோ நாள் முழுக்கத் தார்ச்சாலை புதிது. ‘உட்கார்ந்தால் கால் இறுகிவிடும்’ என்பதிலும் நியாயம் உண்டு; அதனால்தான் முழுக்கப் படுத்துக் கிடக்கச் சொல்லவில்லை. நேர்ச்சை குறைந்துவிடும் என்ற தயக்கம்தான் எல்லாவற்றிலும் ஆழமானது. மகாராஷ்டிரத்தின் பண்டரிபுரத்துக்கு நடக்கும் வார்க்கரி பக்தர்களைப் பாருங்கள். அவர்கள் உடன் நடக்கும் மகான்கள் ஞானேஸ்வரர், துகாராமின் பல்லக்குகள் இரண்டும் புனேயில் ஒரு நாள் தங்கித்தான் புறப்படுகின்றன. அவர்கள் பக்தியை யாரும் குறைவாகச் சொன்னதில்லை.

அந்த நாளில்

காலை வெயில் ஏறுமுன் மூன்று நான்கு கிலோமீட்டர் மெதுவாக நடந்தால் போதும். பிறகு பாதத்தைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, விரலிடுக்குவரை பாருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குக் கொப்புளம் வலிக்காமலே புண்ணாகலாம்; அவர்கள் பாதத்தை இன்னொருவர் பார்ப்பது நல்லது. வயிறாரச் சோறு சாப்பிட வேண்டும். செலவான மாவுச்சத்து திரும்பச் சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் டைக்ளோபினாக் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். விரல் வைத்து அழுத்தினால் எலும்பில் ஒரே இடம் சுரீரென்று வலித்தாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, நடையை அங்கேயே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். மீதி வழிக்குப் பேருந்து இருக்கிறது. செப்டம்பர் 8 வரை திருவிழாவும் இருக்கிறது.