குருணையைவிடச் சின்ன பாகம்

திங்கட்கிழமைகளில் வேங்கிக்காலில் உள்ள நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு காத்திருப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பது சுவர்க் கடிகாரத்தைத்தான். அதன் முதுகிலுள்ள பெட்டியைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். அரம் போட்டு அராவியவை அல்ல, உருக்கி வார்த்தவை.

வாளி வார்க்கிற அதே வழிதான். பிளாஸ்டிக் குருணையை மோல்டிங் மிஷினில் கொட்டினால், சூடான பேரலுக்குள் சுழலும் ஸ்க்ரூ அதை உருக்கி மோல்டு என்கிற எஃகு அச்சுக்குள் அழுத்தித் தள்ளும். ஆறி இறுகியதும் மோல்டு திறக்கும், பின்கள் பாகத்தை வெளியே தள்ளும்.

பாகம் சிறுக்கச் சிறுக்கத்தான் தொல்லை. ஒரு குருணையின் எடை ஏறக்குறைய 20 முதல் 30 மில்லிகிராம். மருத்துவக் கருவிகளில் அதைவிட லேசான பாகங்களும் உண்டு. அப்போது உருகிய பிளாஸ்டிக் ஓடிவரும் வாய்க்காலான ரன்னரில் உறைந்து நிற்பது, பாகத்தைப்போலப் பல மடங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

பெரிய மிஷினில் சின்ன பாகம் வார்த்தால் இன்னொரு சிக்கல். ஒவ்வொரு முறையும் துளிதான் செலவாகும். மிச்சமெல்லாம் பேரலிலேயே வெந்துகொண்டிருக்கும். பல்சக்கரத்துக்கு ஏற்ற அசெட்டால் என்ற பிளாஸ்டிக் அப்படிக் கிடந்தால் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவைக் கக்கும், கண் எரியும். அதனால் நுண்பாகங்களுக்கென்றே சில மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உந்துதண்டோடு தனி மிஷின்கள் வந்தன.

ஆனாலும் உண்மையான வித்தை மோல்டில்தான் இருக்கிறது. அசெட்டால் ஆறும்போது சுமார் 2 சதவீதம் சுருங்கும். 5 மில்லிமீட்டர் சக்கரத்தில் அது 0.1 மில்லிமீட்டர், பல் பல்லோடு சேராமல் போக அதுவே போதும். சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு எஃகைப் பெரிதாகக் குடைய வேண்டும். குழிக்குள் சிக்கும் காற்றுக்கு வழிவிட வேண்டும். அந்த வழி கொஞ்சம் அகன்றாலும் பிளாஸ்டிக் கசிந்து பிசிறாக நிற்கும். மோல்டு குளிர்ந்திருந்தால் மெல்லிய பல் நிரம்புமுன்பே உறைந்துவிடும்.

வெளியே வந்த பாகமும் ஒழுங்காக விழாது. எடை இல்லாததால் நிலைமின்சாரத்தில் மோல்டிலேயே ஒட்டிக்கொள்ளும், உறிஞ்சித்தான் எடுப்பார்கள்.

பிளாஸ்டிக் தொழிலுக்கு ஆள் தயார்செய்ய 1968-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு சென்னை கிண்டியில் தொடங்கியதுதான் சிப்பெட் என்ற பயிற்சி நிறுவனம். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அங்கே மூன்றாண்டு டிப்ளமோ உண்டு. பிளாஸ்டிக் தொழில்நுட்பம், மோல்டு தொழில்நுட்பம் என்று இரண்டு பிரிவுகள். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இரண்டாவதை முதலில் விசாரிக்கலாம்; காசிருந்தால் யார் வேண்டுமானாலும் மிஷின் வாங்கிவிடலாம், மோல்டு செய்யத்தான் கை வேண்டும்.